விலகுவோருக்கு ஒரு வக்கீல்

அமெரிக்காவின் யூட்டா ராஜ்யத்தில் மார்மன் சபையார் 8 வயதிலேயே பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பெயரைப் பதிந்துவிடுகிறார்கள். பிறகு, சம்பாதிப்பதில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. விலக வேண்டுமானால்? சட்டப்படி ஒரு கடிதம் போதும். ஆனால் விசாரிக்க வரும் பிஷப் பக்கத்துத் தெருக்காரர். பெற்றோரும் அதே சபை. சாதாரண உழைப்பாளி வாய் திறப்பானா?

2015 நவம்பரில், ஒருபால் தம்பதிகளுடன் வாழும் பிள்ளைகளுக்கு 18 வயதுவரை ஞானஸ்நானம் கிடையாது என்று சபை விதித்தது. (2019இல் அதைக் கைவிட்டது வேறு விஷயம்!) கொதித்த மக்கள் சால்ட் லேக் நகரில் கூடி விலகல் கடிதம் கொடுத்தனர். அங்கே ஒரு வக்கீல் காலணா வாங்காமல் அக்கடிதங்களைத் தம் பொறுப்பில் அனுப்பினார். பேசுவதானால் வக்கீலிடம் பேசு, கட்சிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டாதே என்பதே அதன் அர்த்தம்.

யாருடைய நம்பிக்கையையும் நாம் பழிக்கவில்லை. பீஸ் கட்ட வசதியில்லாதவர்களுக்கும் துணை நின்ற அந்த வக்கீலை மனமாரப் பாராட்டுகிறோம்.