ஏற்காட்டு மக்களுக்கு டிவியில அரை மணி நேரம் வேணும்!



டிவியில ஏற்காடு வந்தா என்ன காட்டுறாங்க? மே மாசம்னா கோடை விழா, மலர்க் கண்காட்சி, படகு இல்லம். மழை பெய்தா பனிமூட்டம், "குவிந்த சுற்றுலாப் பயணிகள்". அவ்வளவுதான். சேர்வராயன் மலையில தலைமுறை தலைமுறையா வாழுற மலையாளி பழங்குடி மக்களோட ரோடு, குடிநீர், பள்ளிக்கூடம் பத்தி ஒரு சேனல் அரை மணி நேரம் பேசி நீங்க பார்த்திருக்கீங்களா?

பேச ஆள் இல்லாம இல்ல. சேலம் மக்கள் குழு 2010-ல மூக்கனேரியைக் கையில எடுத்தது. சேர்வராயன் மலை மழைத்தண்ணி வந்து சேருற ஏரி அது. தூர்வாரின மண்ணை வச்சே ஏரிக்குள்ள திட்டுகள் போட்டு மரம் நட்டாங்க. இப்படிப்பட்ட குழுக்கள்கிட்ட ஆள் இருக்கு, உழைப்பு இருக்கு. சேனல்ல நேரம் வாங்கத்தான் காசு இல்ல.

இதுல பலருக்கும் தெரியாத ஒரு விதி இருக்கு. 2022 நவம்பர்ல தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் கொண்டுவந்த வழிகாட்டு நெறிமுறைப்படி, தனியார் சேட்டிலைட் சேனல்கள் தினமும் 30 நிமிஷம் பொதுநல நிகழ்ச்சி போடணும். விளையாட்டு சேனல் மாதிரி சிலதுக்கு மட்டும் விலக்கு. கல்வி, விவசாயம், சுகாதாரம், பெண்கள் நலன், நலிந்த பிரிவினர் நலன், சுற்றுச்சூழல்னு 8 தலைப்பு. பிரிச்சுப் பிரிச்சும் போடலாம். ஒரு சேனல் எடுத்ததை இன்னொரு சேனலும் போடலாம்.

ஆனா இது சேனலோட கடமை மட்டும்தான். எதைப் போடுறதுன்னு முடிவு பண்றது அவங்கதான். மலைக்கிராமத்துச் சங்கம் போய் "எங்களுக்கு நேரம் கொடுங்க"ன்னு உரிமையாக் கேட்க முடியாது.

அங்கதான் ஸ்பான்சர் வேணும். 2012-ல அமீர் கானோட 'சத்யமேவ ஜயதே' ஞாபகம் இருக்கா? தமிழ்ல விஜய் டிவியில வந்துச்சு. ஏர்டெல் ஸ்பான்சர் பண்ணுச்சு. வாராவாரம் ஒரு தொண்டு நிறுவனத்தை அறிமுகப்படுத்தினாங்க, மக்கள் நன்கொடையும் கொடுத்தாங்க. விளம்பரதாரர் பெயரும் வந்தது, சமூக வேலையும் வெளியே தெரிஞ்சது. அவ்வளவு பெரிய பட்ஜெட் நமக்கு வேண்டாம். சேலம் லோக்கல் கேபிள் சேனல்ல வாரம் அரை மணி நேரம் போதும். காபி, மிளகு வியாபாரிங்க, ஓட்டல்காரங்க நாலு பேர் சேர்ந்தா முடியுற காரியம்.

"அப்போ நம்ம கொடி, தலைவர் படம் போடலாமா?"ன்னு கேட்பீங்க. கூடாது. கேபிள் டிவி விதிகள் 1994 அரசியல் நோக்கமுள்ள விளம்பரத்தை அனுமதிக்கல. விதியை விடுங்க. நம்ம கொடி திரையில வந்த அடுத்த நிமிஷமே அது ஊர்ப் பிரச்சனையா இருக்காது, கட்சிப் பிரச்சனை ஆயிடும். எதிர்த்தரப்பு மறுப்பு சொல்லும், நாம பதில் சொல்லுவோம், ரோடு மட்டும் அப்படியே கிடக்கும்.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த நிகழ்ச்சியில நம்ம கட்சிக்காரர் ஒருத்தரைப் பத்தியே குறை சொன்னாலும், "அதை வெட்டுங்க"ன்னு யாரும் போன் போடக்கூடாது. அந்தத் தைரியம் இல்லாம கொடுக்கிற உதவிக்குப் பேர் உதவி இல்ல, பிரச்சாரம்.

நாம செய்ய வேண்டியது இதுதான். கேமரா, எடிட்டிங் தெரிஞ்சவங்க உங்க ஏரியா குழுவுக்கு வாரம் ஒரு நாள் கொடுங்க. வியாபாரிகளைத் தெரிஞ்சவங்க ஸ்பான்சர் பேசுங்க. யார் காசு கொடுத்தாங்கன்னு திரையில தெளிவா போடச் சொல்லுங்க. பேசுறதை மட்டும் அந்த மக்கள்கிட்டயே விட்டுடுங்க.

மீம் போட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. அந்தத் திறமையில வாரம் அரை மணி நேரம் மலைமேல இருக்கிற மக்களுக்குப் போகட்டும்.

உங்க ஊர்ல எந்தக் குழு டிவியில வரணும்? கமெண்ட்ல சொல்லுங்க.

#ஏற்காடு #மக்கள்குரல்