விண்ணிலே இடமுண்டு, தமிழுக்கு மட்டும் இல்லையாம்!

புவிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில், புவி சுழலும் விரைவுக்கு ஒப்பச் சுழன்று, ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள் எம்மொழியையும் அறியாது. கீழிருந்து ஏவப்படும் அலையை வாங்கும், அலைவெண்ணை மாற்றும், வலிமை கூட்டித் திருப்பி அனுப்பும். அவ்வளவே அதன் தொழில். தமிழை ஏவினால் தமிழ் இறங்கும். இந்தியை ஏவினால் இந்தி இறங்கும். கூரைமேல் வைத்த தட்டில் தமிழ் விழவில்லையெனின், குற்றம் கோளினுடையதன்று. ஏவுநிலையத்தின் திறவுகோலை வைத்திருப்பாருடையது.

இது நேற்றுத் தொடங்கியதன்று. 1975 ஆகத்து 1 முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கரின் ஏ.டி.எசு.-6 என்னும் கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் தொலைக்காட்சிக் கல்வி ஆய்வு நடந்தது. அவ்வாறனுள் தமிழகம் இல்லை. போகட்டும். கருதத்தக்கது வேறொன்று: ஒரு படத்தோடு இரண்டு ஒலித்தடங்களை அக்கோள் ஒருங்கே சுமந்தது. ஒரே காட்சியை இருமொழியினர் தத்தம் மொழியில் கேட்க அன்றே வழியிருந்தது. அவ்வழியை விரிப்பதற்கு மாறாக ஆட்சியாளர் செய்தது யாது? 1982 ஆகத்து 15 முதல் 'தேசிய நிகழ்ச்சி' என்று பெயரிட்டுத் தில்லியின் ஒளிபரப்பை நாடெங்கும் பாய்ச்சினர். மறு ஆண்டு இன்சாட்-1பி விண்ணேறியபின், சிறு மறு ஒளிபரப்பு நிலையங்கள் ஊர்தோறும் முளைத்தன. அவற்றுக்குச் சொந்தப் படப்பிடிப்புக் கூடமில்லை. நிலையம் நின்ற ஊர் எதுவாயினும், பேச்சு தில்லியினுடையது.

"அலைவழி குறைவு; ஒவ்வொரு மொழிக்கும் தனிவழி தர இயலுமா?" என்று அக்காலத்தார் வினவினர். அதில் ஓரளவு மெய்யும் இருந்தது. பழைய முறையில், கோளிலுள்ள வாங்கி அனுப்பும் கருவி ஒன்று ஒரு தொலைக்காட்சியைச் சுமப்பதே பெரும்பாடு. இன்றைய எண்முறை ஒளிபரப்போ அச்சாக்கை வேரோடு வெட்டியது. படத்தில் மாறாத பகுதியை மீண்டும் அனுப்புவதில்லை. மாறியதை மட்டுமே அனுப்புவர். காட்சியும் ஒலியும் 188 பைட்டு அளவுள்ள சிறு பொதிகளாய் எண்ணிடப்பெற்று வரும். வீட்டுப் பெட்டி வேண்டிய எண்ணைப் பொறுக்கிக் கோக்கும். முன்பு ஒன்று சென்ற வழியிற் பத்துக்கு மேலும் செல்லும். ஒரு படத்துக்கு நொடிக்கு 30 அல்லது 40 இலக்கம் பிட்டு வேண்டுமெனின், நல்ல ஒலிக்கு 2 இலக்கமே போதும். (மதுரைப் பிட்டன்று; கணிப்பொறியின் பிட்டு.) ஒவ்வோர் ஒலித்தடத்துக்கும் இன்ன மொழியென்று மூன்றெழுத்துக் குறியும் உண்டு. தமிழுக்குரிய குறியும் அப்பட்டியலில் முறையாக இடம்பெற்றுள்ளது.

இடமும் உண்டு, குறியும் உண்டு; ஒலிதான் இல்லை. 2004 திசம்பரில் தொடங்கி, இன்று 'ஃபிரீ டிசு' எனப்படும் கட்டணமில்லா நேரடி ஒளிபரப்பு ஏழை வீடுகளின் துணை. அதில் தனியார்க்குரிய இடம் ஏலத்தில் விற்கப்படுகிறது. ஏறியிருப்பவற்றுட் பெரும்பாலானவை இந்தி. அரசின் தமிழ்த் தொலைக்காட்சிக்கோ, 'பொதிகை' என்னும் பெயரை 2024 சனவரியில் நீக்கி 'டி.டி. தமிழ்' என்று சூட்டினர். தமிழ் பிறந்த மலையென்று புலவர் போற்றிய பெயர் ஈராங்கில எழுத்துக்கு இடம்விட்டது. தமிழ்த் தொலைக்காட்சியென்று வணிகம் நடத்துவார் மட்டும் என்ன வாழ்ந்தது? ஆங்கிலம் கலவாத ஒரு நாழிகைப் பேச்சை அவரிடம் தேடிப் பாருங்கள்!

அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, ஒன்றியப் பட்டியல், 31ஆம் பதிவு: ஒலி-ஒளிபரப்பு நடுவணரசுக்கே உரியது. வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பொதுச்சொத்தெனின் தமிழ் மக்களுக்கும் பங்குண்டன்றோ? ஆனால் 2022 அக்தோபரில், மாநில அரசுகள் ஒளிபரப்புத் தொழிலில் இறங்கலாகாது, இறங்கியவை 2023 திசம்பருக்குள் விலகுக என்று தில்லி அறிவுரை விடுத்தது. 2019-இல் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பிள்ளைகளுக்குத் தமிழிற் பாடம் சொன்னது. அத்தகைய பணியும் இவ்வறிவுரையின் வாயில் அகப்படுகிறது. ஆளுங்கட்சி தன் ஊதுகுழலாக்கிவிடும் என்பது அவர் காட்டும் கரணியம். அவ்வச்சம் பொய்யன்று. எனினும் அது தில்லிக்குப் பொருந்தாதா? கட்சி சாராத தன்னாட்சி வாரியம் அமைப்பதே இரண்டிடத்துக்கும் மருந்து.

2015 மே மாதம் உழவர்க்கென்றே ஒரு தொலைக்காட்சியை நடுவணரசு தொடங்கியது. அதன் பேச்சு பெரும்பாலும் இந்தியே. தஞ்சையின் நெல்வயலிற் புகையான் விழுந்தால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் உழவன் என்ன தெளிப்பான்? அப்படத்தோடு 2 இலக்கம் பிட்டளவில் ஒரு தமிழ் ஒலித்தடத்தைச் சேர்க்கத் தடை யாது? தமிழகத்து மக்களவை உறுப்பினர் 39 பேரும் இவ்வொரு வினாவை எழுப்பட்டும். துறை அமைச்சர் எழுத்தில் விடை தரட்டும்.