உலோகப் பல் உறையும் நிலையான பாலமும்: ரசீதில் என்ன இருக்க வேண்டும்?

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஸ்ரீவைகுண்டத்தைச் சூழ்ந்தபோது, வீடுகளுக்குள் புகுந்த நீரில் ஆவணங்களும் நனைந்து அழிந்தன. குடும்ப அட்டை போன்றவற்றுக்கு நகல் பெற வழிமுறை உண்டு. தனியார் பல் மருத்துவகம் தந்த ரசீதுக்கோ அம்மருத்துவகத்தின் பதிவேடு ஒன்றே துணை. பல் மருத்துவர்களுக்கான 2014ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, சிகிச்சைப் பதிவுகளைக் குறைந்தது 3 ஆண்டுகள் பாதுகாத்தல் வேண்டும். நன்கு பராமரிக்கப்படும் பல் பாலம் 10 ஆண்டுகளுக்கு மேலும் நிலைக்கக் கூடியது. ஆகவே, பிற்காலத்தில் உங்கள் கையிலுள்ள தாளே முதன்மைச் சான்றாகும்.

ஒரு பல்லுக்கு ஏன் மூன்று கட்டணம்?

கீழ்த்தாடையின் வலப்புறத்தில் 46ஆம் எண் கடைவாய்ப்பல்லை இழந்துவிட்டீர்கள் எனக் கொள்வோம். பிரிட்ஜ் எனப்படும் பாலம் அமைக்க, இருபுறமுள்ள 45, 47 ஆகிய பற்களைச் செதுக்கி உறை இடுவர். இடையில் செயற்கைப் பல் அமையும். மூன்றும் ஒரே துண்டாக இணைந்திருப்பதால், கட்டணம் பெரும்பாலும் மூன்று பற்களுக்குக் கணக்கிடப்படும். இது தவறன்று. ஆனால் ‘கேப் 3’ என்று மட்டும் எழுதிய ரசீது எதையும் விளக்காது. தாங்கும் பல் ஒன்று பழுதுபட்டால் பாலம் முழுவதையும் அகற்ற நேரிடலாம். அமெரிக்காவில் தனி உறைக்கும் பாலத்தைத் தாங்கும் உறைக்கும், உலோக வகை வாரியாக, வெவ்வேறு கட்டணக் குறியீடுகள் உள்ளன. நம் மருத்துவகங்களில் பொதுவாக அவ்வழக்கம் இல்லாததால், விவரத்தைச் சொற்களில் எழுதிப் பெறுவது அவசியம்.

உலோகத்தின் பெயர் ஏன் தேவை?

நிக்கல்-குரோமியம், கோபால்ட்-குரோமியம் கலவைகளின் விலை வேறு. தங்கம், பல்லேடியம் கலந்தவற்றின் விலை வேறு. பொருத்திய பின் தோற்றத்தைக் கொண்டு கலவையை உறுதிசெய்ய இயலாது. கவரிங் நகை அணிந்தால் அரிப்பு ஏற்படுபவர்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். அதனைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

ரசீதில் சரிபார்க்க வேண்டியவை

• நோயாளியின் பெயர், மருத்துவரின் பெயர், பதிவு எண்
• பல் எண்கள். அவற்றுள் தாங்கும் பற்கள் எவை, செயற்கைப் பல் எது
• உலோகக் கலவையின் பெயர். உத்தரவாத அட்டை இருப்பின் அதன் நிபந்தனைகள்
• வேர் சிகிச்சை, எக்ஸ்ரே ஆகியவற்றுக்கான தனிக் கட்டணம்
• முன்பணம், மீதித் தொகை, பாலம் பொருத்திய தேதி

மருத்துவச் சேவைகளுக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, வரி சேர்க்கப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள். பல காப்பீட்டுத் திட்டங்கள் புறநோயாளி பல் சிகிச்சையை ஏற்பதில்லை. எனவே காப்பீட்டு நிறுவனத்தின் பதிலை முன்னதாகவே எழுத்தில் பெறுங்கள்.

கருத்து வேறுபாடு எழுந்தால்

முதலில் மருத்துவகத்திடம் எழுத்துமூலம் விளக்கமும் பதிவுகளின் நகலும் கோருங்கள். நகலை 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்று அதே 2014ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. தீர்வு கிட்டாவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர அனுமதிக்கிறது. எனவே திருநெல்வேலியில் கட்டணம் செலுத்திச் சிகிச்சை பெற்ற ஸ்ரீவைகுண்டத்துவாசி, தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் அளித்தல் வேண்டும்.

ரசீதையும் எக்ஸ்ரே படத்தையும் இன்றே கைப்பேசியில் படம் எடுத்து, வெளியூரிலுள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். வீட்டுத் தாள் நனைந்தாலும் சான்று உங்களிடம் இருக்கும்.