சுகர் கட்டுப்பாட்டில் இருந்தாலும் கண்ணைக் காட்டுங்கள்



“சுகர்தான் கட்டுப்பாட்டில் இருக்கிறதே, அப்புறம் கண் டாக்டரிடம் எதற்கு?” என்று கேட்காத வீடு குறைவு. இந்தக் கேள்விக்கு நான் படித்ததிலேயே நல்ல பதில், 1953-இல் டென்மார்க் மருத்துவர் பவுல்சன் எழுதிய ஒரு குறிப்பில் இருக்கிறது.

சர்க்கரை நோயால் விழித்திரை பழுதடைந்திருந்த ஒரு பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பின் பிட்யூட்டரி சுரப்பி செயலிழந்துபோனது. பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போனால் இப்படி நேர்வதுண்டு. மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள சுரப்பி அது. அது போன பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக அவருடைய விழித்திரை தேறத் தொடங்கியது. பிட்யூட்டரியை அகற்றினால் நாய்களுக்குச் சர்க்கரை நோயின் கடுமை குறைகிறது என்று அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹூசே ஏற்கெனவே காட்டியிருந்தார். அதற்காக 1947-இல் நோபல் பரிசும் பெற்றிருந்தார். ஆனால் மனிதக் கண்ணிலும் அதன் பலன் தெரியும் என்பது புதுச் செய்தி.

அடுத்து நடந்ததைப் படிக்கும்போது இன்றும் உடல் சிலிர்க்கிறது. பார்வை போய்க்கொண்டிருந்தவர்களுக்குப் பிட்யூட்டரியையே வெட்டி எடுத்தார்கள். சிலருக்குக் கதிரியக்கப் பொருளை உள்ளே வைத்துச் சுரப்பியை அழித்தார்கள். பலருக்குப் பார்வை நிலைத்தது உண்மை. ஆனால் ஆயுள் முழுக்க ஹார்மோன் மாத்திரை, திடீர் திடீரென்று சர்க்கரை இறங்கும் ஆபத்து, குழந்தைப்பேறு இல்லாமல் போவது என்று கொடுத்த விலை மிக அதிகம். லேசர் சிகிச்சை வந்ததும் அந்த அறுவை சிகிச்சை வழக்கொழிந்தது. நல்லதாயிற்று.

கத்திதான் தவறு, கணக்கு தவறில்லை. பிட்யூட்டரி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் கல்லீரல் ‘ஐஜிஎஃப்-1’ என்ற பொருளைச் சுரக்கிறது. விழித்திரையில் வேண்டாத புது ரத்தக்குழாய்கள் முளைக்க அதுவும் துணைபோகிறது. ஆக்ஸிஜன் போதாமல் தவிக்கும் விழித்திரை தானே வெளியிடும் ‘விஇஜிஎஃப்’ இன்னும் பெரிய குற்றவாளி. இன்று கண்ணுக்குள் போடும் ஊசி அதைத்தான் தடுக்கிறது. உடல் முழுவதையும் முடக்காமல், கோளாறு இருக்கும் இடத்திலேயே வைத்தியம்.

ஆக, கண்ணின் கதியைச் சர்க்கரை மட்டும் தீர்மானிப்பதில்லை, ஹார்மோன்களுக்கும் அதில் பங்குண்டு. சிறுவயதிலேயே சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளுக்குப் பூப்படையும் பருவத்துக்கு முன்பு விழித்திரைப் பாதிப்பு அரிது. பருவ வயதில் ஹார்மோன்கள் பெருகும்போதுதான் அது தலைகாட்டுகிறது. கர்ப்ப காலமும் அப்படியே: ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள பெண்ணுக்குச் சில மாதங்களிலேயே பாதிப்பு முற்றிவிடலாம். கர்ப்பத்தில் மட்டும் சர்க்கரை ஏறியவர்களுக்கு இந்தப் பயம் பொதுவாக இல்லை.

ஹார்மோனுக்கும் பங்குண்டு என்பதைச் சாக்காக வைத்து யாரும் இன்சுலினைக் குறைத்துவிடாதீர்கள். சர்க்கரையைச் சீராக வைத்திருந்தவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு உருவாகும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்ததாக 1993-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. நெடுநாள் கூடியிருந்த சர்க்கரையை ஒரேயடியாக இறக்கும்போது, முதலில் சிலருக்குக் கண் சற்று மோசமாவதுண்டு. அந்த நேரத்தில் டாக்டர் சொல்லும் இடைவெளியில் கண்ணையும் காட்டி வாருங்கள்.

இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்று தெரிந்த உடனேயே விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை நோயுள்ள மகளோ மருமகளோ குழந்தைக்குத் திட்டமிட்டால், கருத்தரிக்கும் முன்பே ஒருமுறை காட்டுங்கள். கருத்தரித்துவிட்டால் முதல் மூன்று மாதங்களுக்குள் காட்டிவிடுங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள். சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து கலங்கும். ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு, கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்