முற்றத்துத் தீயும் கட்டிய கண்களும்



சென்ற திங்களில் ஒரு தாயின் கடிதம் எமக்கு வந்தது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட சிற்றூர்ப் பங்கு ஒன்றைச் சேர்ந்தவர் அவர். கணவர் மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் சிறு விவசாயி. தொழிற்பயிற்சி முடித்த மகன், வளைகுடா நாட்டு வேலைக்காகக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறான். சுண்ணாம்புக்கல் ஏற்றிச்சென்ற லாரியொன்று மோதி ஊரார் ஒருவர் இறந்தபோது, ஊரே சாலை மறியலில் அமர்ந்தது. மகனும் அமர்ந்தான். காவலர் ஒருவர் வரிசையாக ஒவ்வொரு முகத்தையும் படம் பிடித்துக்கொண்டே வந்தார். காமிரா தன்னை நெருங்கியபோது மகன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

தாய் கேட்கும் கேள்விகள் மூன்று. அவன் செய்தது கோழைத்தனமா? முகத்தை ஒளித்தது பாவமா? ஒருவேளை முகம் பதிந்திருந்தால் அவன் பிழைப்பு என்னாகும்?

கடிதத்தைப் படித்து முடித்ததும் தலைமைக்குருவின் வீட்டு முற்றம் நம் நினைவில் எழுந்தது. குளிர்ந்த இரவு. நடுவில் மூட்டிய தீ. அதன் வெளிச்சத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த இராயப்பரைப் பணிப்பெண் ஒருத்தி உற்றுப் பார்த்து, இவனும் அவரோடு இருந்தவன்தான் என்று காட்டிக்கொடுத்ததை லூக்காஸ் எழுதுகிறார். அவருடைய கலிலேயப் பேச்சே அவரை இன்னாரென்று அறிவித்தது என்கிறார் மத்தேயு. அதற்குச் சற்று முன்னர், ஒலிவத் தோட்டத்து இருளில், யாரைப் பிடிப்பது என்று காட்ட ஒரு முத்தம் தேவைப்பட்டது. கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிரித்தறிவது ஆட்சியாளர்க்குப் புதுக்கலை அன்று.

நம் நாட்டிலும் அக்கலை பழையதே. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியாரை ஆங்கில அரசின் ஒற்றர்கள் நிழல்போல் தொடர்ந்தனர். விடுதலைக்குப் பின்னரும், பொதுக்கூட்ட மேடையருகே சுருக்கெழுத்துக் காவலர் அமர்ந்து பேச்சைக் குறிப்பெடுப்பதும், மப்டியில் இருவர் கூட்டத்தோடு கலந்து நிற்பதும் நம் பெற்றோர் கண்டு பழகிய காட்சிகள். ஆயினும் அந்தக் குறிப்பேட்டில் மேடையில் பேசியவர்களின் பெயர்களே ஏறின. தரையில் அமர்ந்து கேட்ட ஆயிரம் பேரும் ‘கூட்டம்’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டனர். அந்த ஒரு சொல்லே எளியவனுக்குக் கேடயமாக இருந்தது. நாளை வயலுக்கும் ஆலைக்கும் செல்லவேண்டிய கூலியாள் இன்று நியாயத்துக்காகத் தெருவில் நிற்க முடிந்தது அக்கேடயத்தின் துணையால்தான்.

அக்கேடயம் இன்று நழுவி வருகிறது. முகம் அறியும் கணிப்பொறி முறை தமிழகக் காவல்துறையில் 2021 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது. கண்களுக்கு இடைப்பட்ட தொலைவு, மூக்கின் அமைப்பு, தாடையின் வளைவு முதலியவற்றை எண்களாக்கி, ஏற்கெனவே சேர்த்து வைத்துள்ள படங்களின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அதன் வேலை. காணாமற்போன குழந்தையையும் தேடப்படும் குற்றவாளியையும் கண்டுபிடிக்க அது உதவக்கூடும். அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. டெல்லியிலும் காணாமற்போன குழந்தைகளைத் தேடுவதற்கென்றே இம்முறை முதலில் கொணரப்பட்டது. ஆனால் 2020 பிப்ரவரிக் கலவரத்துக்குப் பின், இதனைக்கொண்டு 1,100-க்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டனர் என்று உள்துறை அமைச்சர் மார்ச் மாதத்தில் மக்களவையில் அறிவித்தார். கலவரம் செய்தோரைப் பிடிப்பது அரசின் கடமையே. எனினும் குழந்தையைத் தேடவந்த கருவி கூட்டத்தைச் சலிக்கும் சல்லடையாக மாற நெடுங்காலம் ஆகவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சல்லடையும் பழுதற்றதன்று. 80 விழுக்காடு ஒத்திருந்தால் பொருத்தம் என்று டெல்லி காவல்துறை கொள்வது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கிடைத்த விடையால் 2022-இல் வெளியாயிற்று. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரை அடுத்து 2020 ஜனவரியில், செய்யாத திருட்டுக்காக ஒருவர் தம் மனைவி மக்கள் கண்முன்னே கைது செய்யப்பட்டார். கணிப்பொறி வேறொருவர் முகத்தை அவர் முகமென்று சொன்னதே காரணம். முற்றத்துப் பணிப்பெண்ணாவது சரியான ஆளையே சுட்டினாள்!

பார்க்கப்படுதல் அவ்வளவு பெரிய தீங்கா என்று சிலர் கேட்கலாம். உத்தரப்பிரதேசத்துக் கரக்சிங்கின் கதை அவர்களுக்கு விடை சொல்லும். கொள்ளை வழக்கொன்றில் சான்று இல்லையென்று விடுவிக்கப்பட்ட பின்னும் காவலர் அவர் பெயரில் வரலாற்றுத் தாள் திறந்து, நடு இரவில் வந்து கதவைத் தட்டி எழுப்புவதை வழக்கமாக்கிக்கொண்டனர். 1962-இல் உச்ச நீதிமன்றம் இரவுத் தட்டலைச் சட்டவிரோதம் என்றது. ஆனால் மறைந்திருந்து கண்காணிப்பதை அது தடுக்கவில்லை. அந்தரங்கத்துக்கு உரிமை ஏதும் இல்லை என்றே பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்று, 2017 ஆகஸ்டு 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அக்கருத்தை மாற்றினர். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றும், அதில் அரசு தலையிடச் சட்டமும், நியாயமான நோக்கமும், அளவுக்கு மிஞ்சாமையும் வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. தெருவில் முகம் அறியும் முறைக்கெனத் தனிச் சட்டமோ இன்றுவரை நம் நாட்டில் இயற்றப்படவில்லை.

இத்தீங்கு யாரை எப்படித் தொடும் என்பதைத் தென்கடற்கரையின் கத்தோலிக்கக் குடும்பங்கள் அறியும். கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரை லூர்து மாதா ஆலய முற்றத்தில் 2011 முதல் மக்கள் கூடினர். சிலர் பெயரை எழுதி, ‘மற்றும் பலர்’ என்று முடித்து, பெயர் குறிப்பிடாத ஆயிரக்கணக்கானோர்மீது தேசத்துரோகப் பிரிவு உட்பட வழக்குகள் பதிவாயின. அமைதி திரும்பும்பொருட்டு வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று 2013 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறியது. ‘மற்றும் பலர்’ என்பது ஒரு வெற்றிடம். அதில் எவர் பெயரையும் பின்னர் இட்டு நிரப்பலாம். முன்பு நினைவைக் கொண்டு நிரப்பினர். இனி முகப்படங்களைக் கொண்டு நிரப்ப இயலும். மகன் முகத்தை மூடியது இவ்வெற்றிடத்துக்கு அஞ்சியே.

தூத்துக்குடியிலோ இதைவிடக் கொடியது நேர்ந்தது. ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த போராட்டத்தின் நூறாம் நாளான 2018 மே 22 அன்று, பனிமய மாதா ஆலயத்தருகிலிருந்து மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தனர். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டனர். பின்னர் வழக்குகள் பெருகின. பிள்ளைகளின் படிப்பும் வேலையும் தடைப்பட்டன. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இடைக்கால அறிக்கையை ஏற்று, 2021 மே மாதத்தில் தமிழக அரசு வழக்குகள் பலவற்றைத் திரும்பப் பெற்றதோடு, உயர்கல்விக்கும் வேலைக்கும் தடையின்மைச் சான்று வழங்கவும் முன்வந்தது. வழக்கு என்பது நீதிமன்றத்தோடு நிற்பதில்லை, அடுப்படிவரை வருகிறது என்பதை அரசே ஒப்புக்கொண்டது இதுவன்றோ?

தூத்துக்குடியின் இன்னொரு காட்சியும் மறக்கலாகாது. காவல்துறை வாகனத்தின் மேலேறி, சீருடையின்றிச் சாதாரண உடையில் ஒருவர் துப்பாக்கியால் குறிபார்த்ததை நாடே தொலைக்காட்சியில் கண்டது. அதே மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் காவலில் துன்புறுத்தப்பட்டு வணிகர் ஜெயராஜும் மகன் பென்னிக்சும் இறந்தபோது, காவல்நிலையக் காமிராவின் பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணை நடுவர் தம் அறிக்கையில் எழுதினார். தெருவிலே நம் முகம் சேமிக்கப்படுகிறது. நிலையத்துள்ளே அவர்கள் செயல் அழிக்கப்படுகிறது.

இவ்விடத்தில் நாம் மீண்டும் அந்த முற்றத்துக்கே செல்ல வேண்டும். இராயப்பரின் முகத்தைத் தீ வெளிச்சத்தில் உற்றுப் பார்த்த அதே இரவில், காவலர் ஆண்டவரின் கண்களைக் கட்டினர். கட்டிவிட்டு அடித்தனர். அடித்தவன் யார் என்று சொல்லும்படி எள்ளி நகைத்தனர். சீடனின் முகத்துக்கு வெளிச்சம், அடிப்பவனின் முகத்துக்கு இருள்! அநீதியின் அடையாளம் இதுவே. அது தன்னை மறைத்துக்கொண்டு பிறரைப் பார்க்கும். ஆகவே தன்னை ஒளித்தவன் யார் என்பதை மட்டும் கேட்டால் போதாது. வெளிச்சம் இருபுறமும் ஒரே அளவில் விழுகிறதா என்றும் கேட்க வேண்டும்.

இனி அத்தாயின் கேள்விகளுக்கு வருவோம்.

அவன் செய்தது கோழைத்தனமா? அறப்போர் வீரன் முகத்தை மறைப்பதில்லை என்பர் நம் முதியோர். உண்மைதான். காந்தியடிகள் 1930 மார்ச் 2-இல் வைசிராய்க்கு முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டுத்தான் தண்டிக்குப் புறப்பட்டார். உடன் நடந்தவர்களின் பெயர்களும் வெளியிடப்பட்டன. ஆனால் அவர்கள் தாமே முன்வந்து பெயரைத் தந்தவர்கள். தருவது வேறு, பறிக்கப்படுவது வேறு. தலைவன் தன் பெயரைத் தரட்டும். அவன் பின்னே அமர்ந்த ஏழைப் பிள்ளையிடம் அதே வீரத்தைக் கட்டாயமாகக் கேட்க நமக்கு உரிமை இல்லை.

ஒளித்தல் பாவமா? கூடாரத் திருநாளுக்கு ஆண்டவர் வெளிப்படையாகச் செல்லாமல் மறைவாகவே சென்றார் என்று அருளப்பர் எழுதுகிறார். நிக்கொதேமு இரவில் வந்தபோதும் அவரை ஆண்டவர் கடியவில்லை. அந்த நிக்கொதேமுவே பின்னர்ச் சங்கத்தின் நடுவே, விசாரியாமல் ஒருவனைத் தீர்ப்பிடலாமா என்று துணிந்து கேட்டார். இரவு அவருக்கு வளரும் காலமாக இருந்தது. ஆனால் தோட்டத்தில் படை சூழ்ந்தபோது ஆண்டவர் தாமே முன்வந்து தம்மை அறிவித்தார். தம் சீடரைப் போகவிடும்படியும் கேட்டார். மறைவதற்கும் வெளிப்படுவதற்கும் அவர் வைத்த அளவுகோல் ஒன்றே: அன்பு. எளியவனைக் காக்க மறைவது அறம். கல்லெறியவும் பேருந்தைக் கொளுத்தவும் முகத்தை மூடுவது அறமன்று. தன் குற்றத்துக்குப் பிறனை மாட்டிவிட்டு மறைவது அதனினும் கீழானது. இதை நம் பிள்ளைகளுக்குத் தயங்காமல் சொல்ல வேண்டும்.

திருச்சபையின் போதனையும் இதற்கு அரணாக நிற்கிறது. மக்கள் கூடும் உரிமையைப் பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் 1963-இல் வெளியிட்ட ‘பாச்செம் இன் தெர்ரிஸ்’ சுற்றுமடல் மனித உரிமைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட இன்றைய உலகில் திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு, நற்பெயரையும் அந்தரங்க வாழ்வின் பாதுகாப்பையும் மனிதனுக்கு உரியவை என்கிறது.

பிழைப்பு என்னாகும்? தாயே, கலங்க வேண்டாம். படத்தில் முகம் இருப்பது குற்றமாகாது. முதல் தகவல் அறிக்கையில் பெயர் இருப்பதனால் மட்டும் கடவுச்சீட்டு மறுக்கப்படலாகாது. நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் அந்நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்று விண்ணப்பிக்கலாம். கைது செய்யும் காவலர் தம் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும் என்பதும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் 1996-ஆம் ஆண்டின் டி. கே. பாசு தீர்ப்பு வகுத்த விதிகள். அவை இன்று சட்டத்திலேயே உள்ளன. 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும். 2022-ஆம் ஆண்டின் அடையாளச் சட்டப்படி எடுக்கப்படும் படமும் அளவுகளும் 75 ஆண்டுகள் வைக்கப்படலாம். ஆனால் முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுதலையானால், நீதிமன்றம் வேறுவிதமாக ஆணையிட்டாலன்றி, அவற்றை அழித்தாக வேண்டும். அதைக் கேட்டுப் பெறவேண்டியது நம் கடமை. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

இறுதியாகப் பங்குக் குடும்பங்களுக்கு ஒரு சொல். இராயப்பர் மறுதலித்த அவ்விரவில் அவர் அருகே தோழர் கூட்டம் இல்லை. அந்நியர் மூட்டிய தீயருகே அவர் தனித்திருந்தார். தனித்தவனே எளிதில் அஞ்சுகிறான். நம் ஊர்ப் பிள்ளை ஒருவன் நியாயத்துக்காக அமர்ந்து அதனால் அழைப்பாணை பெற்றால், அன்று அவன் வீட்டுத் திண்ணை வெறுமையாகக் கிடக்கலாகாது. உடன் நிலையத்துக்குச் செல்ல இருவர், வழக்கறிஞரைக் காண ஒருவர், கலங்கும் தாயின் அருகே அமர ஒருவர் என்று பங்கு எழுந்து நின்றால், அவனைக் காக்கத் துண்டு தேவைப்படாது.

வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியில் மாதாவுக்கு ஆலயம் எழுப்பி, அத்தாயை நாம் அடைக்கல அன்னை என்று அழைக்கச் செய்தார். அன்னையின் முந்தானைக்குள் முகம் புதைக்கும் பிள்ளையை எவரும் கோழை என்று சொல்வதில்லை. நம் பங்குகளும் அத்தகைய அடைக்கலமாகட்டும். கடிதம் எழுதிய தாய் இவ்வரிகளைப் படிக்கும்போது, முதலில் தம் மகனை அழைத்து அருகில் அமர்த்திச் சோறிடட்டும். அவன் செய்ததைப் பற்றி அதற்குப் பின் பேசிக்கொள்ளலாம்.