ஓடைக் கல்லைப் புரட்டிப் பாருங்கள்



ஆற்றின் நலத்தை நீரின் தெளிவைக் கொண்டே முடிவு செய்கிறோம். அது போதாது என்பதே என் கருத்து. ஓடைக் கல்லின் அடிப்புறத்தையும் பார்த்தல் வேண்டும்.

அங்கே வாழ்வது மேஃபிளை என்னும் பூச்சியின் இளவுயிரி. அதன் மூதாதை இனங்கள் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றிவிட்டன. சிறகு முளைத்த பின்னும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சியினம் இன்று இது ஒன்றே. வளர்ந்த பூச்சி உண்பதில்லை. பெரும்பாலும் ஓரிரு நாள்களில் மடிகிறது. இளமைப் பருவமோ நீருக்கடியில் பல வாரங்கள், சில இனங்களில் ஓராண்டுக்கு மேலும் நீளும்.

விரைந்தோடும் நீரில் வாழும் சில இனங்கள் தட்டையான உடலால் கல்லோடு ஒட்டிக்கொள்கின்றன, செவுள்களால் சுவாசிக்கின்றன. காடழிந்து மண் கரைந்து வந்தால், கற்களின் இடுக்குகள் அடைபடும். நீர் பின்னர் தெளியலாம்; வாழிடம் உடனே மீளாது.

கோம்பாக் ஆற்றையே காண்க. மேலே காட்டோடை, கீழே, கோலாலம்பூரில், நகரின் கழிவைச் சுமக்கும் ஆறு.

பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைக் கற்பிக்கும் நாம், மாணவர்களுக்கு இவ்வுயிரையும் காட்டலாமே! பார்த்தபின் கல்லை இருந்தபடியே வைக்கக் கற்பிப்பதும் பாடம்தான்.