கணக்கு எழுதுகிறவரின் சம்பளமும் நிவாரணம்தான்

நிதி கேட்டு அனுப்பும் விண்ணப்பங்களில் ‘நிர்வாகச் செலவு’ என்றொரு கட்டம் இருக்கும். எழுதுகிறவர் அந்தத் தொகையைச் சின்னதாகக் காட்டப் பாடுபடுவார். படிக்கிறவர் இன்னும் குறைக்கச் சொல்வார். நாகப்பட்டினம், வேதாரண்யம் வட்டாரத்துச் சிறு தொண்டு அமைப்புகளுக்கும் மகளிர் கூட்டமைப்புகளுக்கும் நெடுங்காலமாகக் கணக்கு எழுதி வருகிறவள் நான். பேரிடர் நிதி, பேரிடர் நடந்த ஊரின் அமைப்புகளுக்கு ஏன் வந்து சேர்வதில்லை என்று யார் கேட்டாலும், அந்தக் கட்டத்தைத்தான் முதலில் காட்டுவேன்.

அதற்குள் இருப்பவை இவைதான்: இரண்டு அறை அலுவலகத்துக்கு வாடகை, ஆடிட்டர் கட்டணம், ரசீதுகளைக் கரையான் அரிக்காமல் வைக்க ஓர் இரும்பு பீரோ, ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்க வண்டிக்குப் பெட்ரோல், கணக்கு எழுதுகிறவருக்குச் சம்பளம். இவை இல்லாவிட்டால் தணிக்கை அறிக்கை வராது. மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை கையில் இல்லாத அமைப்பைப் பெரிய நிதி நிறுவனம் எதுவும் வாசலில்கூட நிறுத்தாது. அரிசி வாங்கப் பணம் தருவார்கள், தார்ப்பாய் வாங்கத் தருவார்கள். அந்த அரிசி எந்த வீட்டுக்குப் போனது என்று எழுதி வைக்கும் பெண்ணுக்கு மட்டும் தர மாட்டார்கள். பிறகு, ‘உள்ளூர் அமைப்புகளுக்குக் கணக்கு வைக்கத் தெரியவில்லை’ என்று அறிக்கை எழுதுவார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. சாலையை அடைத்துக்கொண்டு தென்னையும் புளியும் கிடந்தன. வெளியூர் வண்டி ஒன்றும் வந்து சேர்வதற்கு முன்பே ஊர்ப் பையன்கள் அரிவாளும் கோடரியுமாக இறங்கி வழி வெட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் ஒண்டியிருந்தவர்களுக்கு மகளிர் குழுப் பெண்கள் பொதுச் சமையல் போட்டார்கள். குழுச் சேமிப்பிலிருந்து பணம் எடுத்து, மரம் அறுக்கும் மெஷினை வாடகைக்குப் பிடித்தார்கள். சேமிப்பு தீர்ந்ததும், திறந்திருந்த ஒரே மளிகைக் கடையில் கடன் சொல்லிச் சாமான் வாங்கினார்கள். கடைக்காரர் நோட்டுத் தாளைக் கிழித்து, தேதி போட்டு, தொகை எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தார். பள்ளித் தலைமையாசிரியர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

சில வாரங்கள் கழித்து, நிவாரணச் செலவை ஈடுசெய்ய முன்வந்த ஒரு நிதி நிறுவனத்திடம் அந்தச் சீட்டுகளை ஒழுங்காக ஒட்டி, எண் போட்டு, பட்டியலோடு கொடுத்தோம். ஜி.எஸ்.டி. எண்ணுள்ள கணினி ரசீது வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி ஒப்பிட்ட தாள் எங்கே என்றும் கேட்டார்கள். கரண்டே இல்லாத ஊரில் கணினி ரசீதுக்கு எங்கே போவது? ஒரு கடை திறந்திருந்த ஊரில் மூன்று விலைப்புள்ளியை யாரிடம் வாங்குவது? எடுத்துச் சொன்னோம். விதி அப்படித்தான் என்றார்கள். அந்தச் செலவு கடைசிவரை ஏற்கப்படவில்லை. மளிகைக் கடனை அந்தப் பெண்களே தவணை தவணையாக அடைத்தார்கள். அவர்களில் பலருக்கு அப்போது வீட்டுக்குக் கூரை இல்லை. அந்தச் சீட்டுகள் ஒவ்வொன்றையும் என் கையால் ஒட்டியவள் என்பதால் சொல்கிறேன், அதைவிட நேர்மையான கணக்கை நான் எழுதியதில்லை.

உதவிக்கு முதலில் ஓடிவருகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள் என்பதை 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உலகமே பார்த்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் பிணங்களை எடுத்தவர்களும் பிழைத்தவர்களைத் தூக்கி வந்தவர்களும் அந்தந்த ஊர்க்காரர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும்தான். உதவி அமைப்புகள் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கியபோது, தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான ‘சிஃப்ஸ்’ அமைப்பும் நாகையின் ‘சினேகா’வும் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு ஓர் ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. எந்த ஊருக்கு யார் போயிருக்கிறார்கள், எந்த ஊர் விடுபட்டது என்ற விவரம் அங்கே கிடைத்தது. மீனவர் கிராமப் பஞ்சாயத்து எப்படி இயங்கும் என்று தெரிந்தவர்கள் இருந்ததால் நடந்த காரியம் அது. அப்படித் தெரிந்தவர்களைக் கேட்காமல் பணத்தோடு நேராக வந்தவர்கள் சில ஊர்களில் தேவைக்கு மேல் படகுகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். உதவி அமைப்புகளே சேர்ந்து நடத்தி 2006-இல் வெளியிட்ட சுனாமி மதிப்பீடும், சர்வதேச அமைப்புகள் பல இடங்களில் உள்ளூர் ஆற்றலைப் புறந்தள்ளிவிட்டன என்றே சொன்னது.

பத்தாண்டு கழித்து, 2016 மே மாதம், இஸ்தான்புல்லில் உலக மனிதாபிமான உச்சிமாநாடு நடந்தது. கொடை நாடுகளும் பெரிய உதவி அமைப்புகளும் ‘பெரும் உடன்பாடு’ என்ற ஒன்றில் கையெழுத்திட்டன. மனிதாபிமான நிதியில் 25 சதவீதத்தை 2020-க்குள், முடிந்தவரை நேரடியாக, உள்ளூர் மற்றும் தேசிய அமைப்புகளிடம் சேர்ப்போம் என்பது அதில் ஒரு வாக்குறுதி. நேரடியாகப் போய்ச் சேர்ந்த பங்கு இன்றுவரை ஐந்து சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. பெரிய அமைப்புகள் தங்கள் மேல்செலவுக்கென ஏழு, எட்டு சதவீதம் எடுத்துக்கொள்வது வழக்கம். களத்தில் வேலை செய்யும் உள்ளூர்க் கூட்டாளிக்கு அதில் பங்கு கொடுப்பது அரிதாகவே இருந்தது. 2022 இறுதியில்தான், பங்கு கொடுக்க வேண்டும் என்று ஐ.நா. சார்ந்த நிலைக்குழு ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. பெரிய அமைப்புகள் தங்களுக்கு நியாயம் என்று கருதும் செலவு, வேதாரண்யத்துப் பெண்கள் கூட்டமைப்புக்கு மட்டும் எப்படி வீண்செலவு ஆகிறது?

வெளிநாட்டைச் சொல்லிவிட்டு நம் வீட்டைச் சொல்லாமல் விட முடியாது. 2020 செப்டம்பரில், கொரோனாவின் நடுவே, வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை, இந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற ஓர் அமைப்பு தனக்கு வந்த நிதியில் ஒரு பகுதியை, பதிவு பெற்ற இன்னோர் அமைப்புக்குக் கொடுக்கலாம். சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள பெரிய அமைப்பு நிதி பெற்று, தலைஞாயிறு பக்கத்துச் சிறிய அமைப்புக்கு மாற்றித் தரும். சிறியவர்களுக்கு இருந்த முக்கியமான வழி அது. திருத்தம் அதை முழுக்க அடைத்துவிட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. பணம் முதலில் புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே கிளைக்குத்தான் வர வேண்டும் என்றானது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆதார் தொடர்பான பிரிவை மட்டும் தளர்த்தி, மற்றவை செல்லும் என்றது. புதிதாகப் பதிவு கேட்கும் அமைப்பு மூன்று ஆண்டு இயங்கி, அதில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். கிராமத்துப் பெண்கள் தொடங்கிய ஓர் அமைப்பு அந்த 15 லட்சத்தை எங்கிருந்து கொண்டுவரும்?

தொண்டு அமைப்புகள்மீது அரசுக்கு உள்ள சந்தேகம் ஆதாரமில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். சுனாமிக்குப் பின் லெட்டர்பேடு அமைப்புகள் முளைத்ததை இந்தக் கடற்கரை கண்டிருக்கிறது. ஆனால் நிதி மாற்றத்துக்கு விழுந்த தடை ஏமாற்றுக்காரரைப் பிடிக்கும் தடை அல்ல. ஒழுங்காகப் பதிவு செய்து, ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்கிற இரண்டு அமைப்புகளுக்கு இடையிலான வழியைத்தான் அது மூடியது. அரசு அறிவித்த பேரிடர்ப் பகுதிகளுக்கு மட்டுமாவது, பதிவு பெற்ற அமைப்புகளுக்குள், ஒரு தொகை வரம்போடும் காலக்கெடுவோடும் அதைத் திறக்க வேண்டும். கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் அதே உள்துறை அமைச்சகத்திடம்தான் கணக்குக் காட்டுகிறார்கள். இதைக் கேட்க வேண்டியவர்கள் கடலோரத் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள்.

டெல்லி மனம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உள்நாட்டுப் பணமும் இருக்கிறது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பேரிடர் நிவாரணத்துக்குச் செலவிடலாம் என்று 2019-இலேயே சட்ட அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் கம்பெனிக்குச் சுலபம், பெரிய அறக்கட்டளை ஒன்றுக்கோ பி.எம். கேர்ஸுக்கோ ஒரே காசோலை எழுதிவிடுவது. ஊருக்குள் தேடிப்போக அவர்களுக்கு ஒரு வழி வேண்டும். வங்கதேசத்தில் 2017 முதல் ‘ஸ்டார்ட் நிதி’ என்ற பொதுநிதி இயங்குகிறது. தொண்டு அமைப்புகள் சேர்ந்து நடத்துவது. எச்சரிக்கை எழுந்த 72 மணி நேரத்துக்குள் பணம் ஒதுக்கிவிடுகிறார்கள். நம்மைப் போலவே புயலும் வெள்ளமும் வந்துபோகும் டெல்டா அது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களுக்குச் சேர்த்து அப்படி ஒரு பொதுநிதியைத் தமிழ்நாட்டு நிறுவனங்கள் தொடங்கலாம். அரசு அதிகாரி ஒருவர் குழுவில் இருக்கட்டும். முடிவெடுக்கும் பெரும்பான்மை உள்ளூர் அமைப்புகளிடம் இருக்க வேண்டும்.

அமைப்புகளைச் சரிபார்க்கும் வேலையைக் கோடையிலேயே முடித்துவிடலாம். இப்போது ஒவ்வொரு கொடையாளரும் அதே பதிவுச் சான்றிதழ், அதே வரிச்சலுகைச் சான்றுகள், அதே தீர்மான நோட்டு என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். புயல் கரையைக் கடந்த வாரத்தில் நகல் எடுக்கும் கடையைத் தேடி அலைந்திருக்கிறோம். ஒருவர் சரிபார்த்ததை மற்றவர் ஏற்றுக்கொண்டால் இந்த அலைச்சல் இல்லை. விண்ணப்பம் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் நயமாக எழுதத் தெரிந்த ஆலோசகரை அமர்த்த முடிகிற அமைப்புதான் இன்று ஜெயிக்கிறது. மகளிர் குழுக்களின் ஊராட்சிக் கூட்டமைப்புகளுக்கு வங்கிக் கணக்கும் கணக்கேடும் ஏற்கெனவே உண்டு, அவற்றையும் தகுதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பேரிடர் நடந்த முதல் 15 நாளுக்கு, ஒரு தொகை வரையிலான கைச்சீட்டை இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு ஏற்க வேண்டும். இதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, நிதி நிறுவனங்களின் சொந்த விதிதான் தடுக்கிறது.

இந்த எல்லாவற்றுக்கும் அடியில் ஒருவர் உட்கார்ந்து கணக்கு எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரு கணக்காளருக்கு மாதம் 15,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். மூன்று, நான்கு சிறு அமைப்புகள் ஒருவரைப் பகிர்ந்துகொள்ள முடியும். நிவாரணத்துக்குக் கோடிகளை ஒதுக்கும் நிறுவனம், புயல் இல்லாத ஆண்டுகளிலும் இந்தச் சம்பளத்தைத் தொடர்ந்து கொடுக்க ஒப்புக்கொள்ளட்டும். மூன்றாவது ஆண்டு முடிவில் அந்த அமைப்புகள் ஒவ்வொன்றிடமும் மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை இருக்கும்.